பத்துக்குப் பத்து

"என்ன வேலை பார்க்கறீங்க சார்? இந்த வட்டாரத்துல யாருக்கு எந்த மாதிரி வேலை, நல்லதா கெட்டதான்னு மார்க் போட்டு அளக்கறோம்."

கணக்கெடுக்க வந்த பெண் பேனாவைத் திறந்ததும் அவன் அடுப்புப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். ஆலை மூடிய பிறகு அவனுக்குக் கிடைத்தது குடோனில் மூட்டை தூக்கும் வேலைதான். ஆனால் அடுப்பருகே நிற்கும் மனைவிக்கு அவன் ஆறு மாதமாகச் சூப்பர்வைசர். தினமும் குடோன் குழாயடியில் தூசி போகக் குளித்து, இஸ்திரிச் சட்டை மாட்டிக்கொண்டுதான் வீடு திரும்புகிறான்.

"குடோன்ல சூப்பர்வைசர்," என்றான்.

"பாரம் தூக்கறதுண்டா?"

"பேனா மட்டும்தான்."

"உட்கார இடம்?"

"சுத்துற நாற்காலி."

"உடம்புக்கு முடியலேன்னா லீவு?"

"எனக்கு நானே கொடுத்துக்குவேன்."

மனைவி காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

அந்தப் பெண் கூட்டிப் பார்த்து வாயைப் பிளந்தாள். "பத்துக்குப் பத்து! எண்ணூறு வாசப்படி ஏறி இறங்கிட்டேன் சார், அஞ்சைத் தாண்டினவங்க ஒருத்தர்கூட இல்ல. ஆபீசர் நம்ப மாட்டார். நாளைக்கு அவரையே உங்க குடோனுக்குக் கூட்டிட்டு வரேன்."

அவன் அவசரமாகக் கையை ஆட்டினான்.

"அவ்வளவு மார்க் வேணாம் மேடம். ஃபேன் ஓடாது, குறைச்சுக்குங்க."

"ஒன்பது."

"கக்கூஸ்ல தண்ணி வராது."

"எட்டு. பரவாயில்ல சார், இதுவே ஜாஸ்தி. ஆபீசர் வருவார்."

"மூட்டை ஒவ்வொண்ணும் எண்பது கிலோ! முதுகு ஒடிஞ்சிடும்!"

"பேனா மட்டும்தான்னீங்க?"

"ஆள் வரலேன்னா... எப்பவாவது ஒரு கை கொடுப்பேன்."

"வாரத்துல எத்தனை நாள்?"

"ஆறு."

பேனா அடித்துக்கொண்டே போய் இரண்டில் நின்றது. ஆபீசர் இனி வரமாட்டார். ஆனால் கேட்கக் கூடாதவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அவன் அடுப்புப் பக்கம் திரும்பவே இல்லை.

"வீட்டுல வேற யாராவது வேலைக்குப் போறாங்களா?"

"இல்ல, இவ வீட்டோடதான்," என்று முந்திக்கொண்டான்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னையும் எழுதிக்கம்மா. அதே குடோன்தான். சூப்பர்வைசருக்கு ஆள் கிடைக்காம அந்த இடம் ஒரு வருஷமா காலியாம். மூட்டையை அம்பது கிலோவாக் குறைச்சாத்தான் வருவேன்னு சொல்லி எழுதி வாங்கிட்டேன், நாளைக்கு அந்த வேலையில சேர்றேன்."