மூன்றாவது முறையும் ஒரேவா

“இந்த முறை அதில ஏறவேண்டாம்,” என்றான் சஞ்சீவன்.

கார்க் கதவு திறந்ததும் ஓடத் தொடங்கிய பிள்ளைகள் இருவரும் பாதி வழியில் நின்றார்கள். முன்னால், விடுமுறை முகாமின் புல்தரையில், ஒரு பெரிய மஞ்சள் காற்றுமெத்தை வெயிலில் உப்பிக் கிடந்தது. ஒரேவாக் கடற்கரையில் இருந்த அந்த முகாமுக்கு அவர்கள் வருவது இது மூன்றாவது ஒக்டோபர். முதல் இரண்டு முறையும் பிள்ளைகள் கடலைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. விடிந்தால் பொழுதுபட்டால் அந்த மெத்தையில்தான் குதித்தார்கள்.

“உடைஞ்சு போச்சா?” என்று பிரணவி ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுக்கு எட்டு வயது. தமிழில் என்ன கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் வரும்.

“உடையேல்லை. அதில குதிச்சது காணும். இந்த முறை வித்தியாசமா ஏதும் செய்வம். நான் எல்லாம் தேடி வச்சிருக்கிறன்.”

ஐந்து வயது அனுஷன் அக்காவைப் பார்த்தான். “அப்பாவும் வாறாரா?”

அந்தக் கேள்வி அப்பாவிடம் கேட்கப்படவில்லை என்பதுதான் சஞ்சீவனுக்கு உறைத்தது.

ஆனால் அவன் குறை சொல்ல முடியாது. வீடு தகனினியில், வேலை ஆல்பனியில். நகரத்தின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு மோட்டர்வேயில் ஊர்ந்து போய், ஊர்ந்து வந்து, அவன் சப்பாத்தைக் கழற்றும்போது பிள்ளைகள் நித்திரையாகியிருப்பார்கள். முதல் வருடம் ஒரேவாவுக்கு வந்தபோது கபின் படியில் லப்டொப்போடு இருந்தான். இரண்டாவது வருடம், கபினில் சத்தம் என்று காருக்குள் இருந்து கூட்டங்களில் கதைத்தான்.

போன மாதம் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகள் எதையோ சொல்லிச் சிரித்தார்கள். கபினுக்குள் ஒரு தாரா வாத்து வந்து அம்மாவின் செருப்பில் இருந்ததாம், துரத்தினாலும் போகவில்லையாம்.

“எந்தத் தாரா?” என்று அவன் கேட்டான்.

“நீங்கள் காருக்குள்ள இருந்தனீங்கள் அப்பா. பரவாயில்லை,” என்றாள் பிரணவி.

திட்டியிருந்தால் மறந்திருப்பான். அந்தப் ‘பரவாயில்லை’தான் அவனை விடவில்லை.

அதனால், மனைவி கஜானி மறுபடியும் ஒரேவாவுக்கே பதிந்திருக்கிறாள் என்று தெரிந்ததும், “வேற எங்கயும் போவமே” என்று கேட்டுப் பார்த்தான்.

“பிள்ளையளுக்குப் பழகின இடம். இந்த ஒருக்கா அங்கயே போவம்,” என்றாள் அவள்.

சரி, இடம் பழசென்றால் செய்வதாவது புதிதாக இருக்கட்டும் என்று அவன் இணையத்தில் தேடத் தொடங்கினான். லப்டொப்பை வீட்டில் வைத்துப் பூட்டினான்.

“உங்கட லப்டொப் எங்க?” என்று இப்போது பிரணவி கேட்டாள்.

“வீட்டை விட்டிட்டு வந்திட்டன்.”

“வேலை போயிட்டுதா?”

“இல்லையம்மா. உங்களோட இருக்கத்தான்.”

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை அவன் பூரிப்பு என்று எடுத்துக்கொண்டான்.

முதல் ஏற்பாடு பிபி பிடிப்பது. பிபி என்பது மணலுக்குள் இருக்கும் சின்னச் சிப்பி. முழங்கால் தண்ணீரில் நின்று குதிக்காலை மணலில் திருகினால் காலில் தட்டுப்படும். வடக்குப் பக்கமாக ஒரு சின்னக் குடாவுக்குக் கூட்டிப்போனான். ஒக்டோபர்த் தண்ணீரின் குளிர் எலும்புக்குள் இறங்கியது. சஞ்சீவன் இடுப்பை வளைத்து நெளித்துத் திருகினான். கரையில் சால்வையோடு நின்ற கஜானி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீரும் வாருமன்,” என்றான்.

“நீங்கள் மூண்டு பேரும் பழகுங்கோ. எப்பவும் நான்தானே நிண்டனான்.”

வாளி நிறையத் தொடங்கியது. அனுஷன் ஒவ்வொரு சிப்பிக்கும் பெயர் வைத்தான். எல்லாம் அருமையாகப் போய்க்கொண்டிருந்தபோது, நாயோடு வந்த ஒரு மனிதர் நின்று, மரத்தடியில் இருந்த பலகையைக் காட்டினார். இந்தக் குடாவில் சிப்பி எடுக்கத் தடை.

“தம்பி, எல்லாத்தையும் திருப்பி வைப்பம்,” என்றான் சஞ்சீவன், பையனின் அழுகைக்குத் தயாராகி.

அனுஷன் அழவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து மணலுக்குள் வைத்தான். கடைசியில் நிமிர்ந்தான்.

“அப்பாச் சிப்பியைத் தள்ளி வச்சிட்டன்.”

“அதுக்கென்ன, கிட்டத்தானே கிடக்கும்.”

“தனிய இருக்கும்.”

பையனின் உதடு துடித்தது. ஆகவே சஞ்சீவன் குனிந்து, ஏறிவரும் தண்ணீருக்குள் கையைவிட்டு, அப்பாச் சிப்பியைத் தேடினான். ஒன்றை எடுத்துக் காட்டினான். “இது சித்தப்பா,” என்றான் அனுஷன். இன்னொன்றை எடுத்தான். அது ரீச்சர். மூன்றாவது தடவை குனிந்தபோது ஒரு அலை வந்து அவனுடைய மூக்குக் கண்ணாடியைக் கொண்டுபோனது.

கண்ணாடி இல்லாத சஞ்சீவனுக்கு இரண்டடிக்கு அப்பால் உலகம் கஞ்சி. மாற்றுக் கண்ணாடி தகனினியில் இருந்தது. திரும்பிப் போகும்போது கஜானி கார் ஓட்டினாள். பின்சீட்டில் நனைந்த பிள்ளைகள் ஒரு சத்தமும் போடாமல் இருந்தார்கள்.

“சலிச்சுப் போச்சுதுகள்,” என்று அவன் மெதுவாகச் சொன்னான்.

“சத்தம் போடாட்டிச் சலிப்பெண்டு ஆர் சொன்னது?”

“வேற என்ன?”

“அதுகளைக் கேட்டுப் பாருங்கோ.”

அவன் கேட்கவில்லை. அலுவலக நண்பன் ராம்பிரசாத்துக்குப் போன் எடுத்தான். சென்னைக்காரன். மூன்று பிள்ளைகள், அதனால் நிபுணன்.

“சிப்பியா? யாராவது சின்னப் பசங்களுக்கு சிப்பி காட்டுவாங்களா? ஆட்டுப்பண்ணைக்குக் கூட்டிட்டுப் போங்க சஞ்சீவன். குட்டிக்குப் பாட்டில்ல பால் குடுக்கலாம். எங்க வீட்டு வாண்டுங்க சிரிச்சு சிரிச்சு விக்கல் எடுத்துடுச்சு.”

மறுநாள் பண்ணை. முழங்கால் வரை றப்பர் சப்பாத்துப் போட்ட ஒரு பெண் ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்து, பால்போத்தலை அனுஷனின் கையில் கொடுத்தாள். குட்டி வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது. சஞ்சீவனுக்கு அது மங்கலாகத்தான் தெரிந்தது. இருந்தாலும் மனம் குளிர்ந்தது.

“இதின்ட அப்பா எங்க?” என்று அனுஷன் அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் கேட்டான்.

“அவர் அங்கால, வேற வேலிக்குள்ள தனிய இருக்கிறார். இடைக்கிடை வந்து பாத்திட்டுப் போவார்,” என்றாள் அவள் சிரித்தபடி.

போத்தல் கீழே விழுந்தது. அனுஷன் விக்கி விக்கி அழுதான். குட்டி பாலைத் தேடி அவன் காற்சட்டையைச் சப்பியது.

“அழாதை அப்பன். அப்பா ஆட்டைக் கூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில விடுவம்.” சஞ்சீவன் அந்தப் பெண்ணிடம் கேட்டான். அது நல்ல யோசனை இல்லை என்று அவள் சொன்னாள். ஒரு நிமிடம் மட்டும், வேலிக்கு அருகில் மட்டும் என்று அவன் மன்றாடினான். அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, உதவி செய்வதாக நினைத்து, அந்த வேலியடிக்குப் போய்க் கேற்றின் கொழுக்கியைத் தூக்கினான். உள்ளே ஒரு வெள்ளை மூட்டை தெரிந்தது. தீவனம் என்று நினைத்தான்.

மூட்டை ஓடி வந்தது.

தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்து அவன் எழுந்தபோது தலையில் வைக்கோலும் வாயில் சேறும். முதலில் அவனுக்கு ஆறுதல்தான். இதற்காவது பிள்ளைகள் சிரிப்பார்கள். சேற்றை வழித்துவிட்டுக் காது கொடுத்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. பிரணவி தன் புது ஜாக்கெற்றைக் கழற்றி அவனுடைய முகத்தைத் துடைத்தாள்.

“அப்பா, நோகுதா?”

தமிழில் கேட்டாள்.

“கஜா, கேட்டீரோ? பிள்ளை தமிழில கதைக்கிறா.”

“கேட்டுது,” என்றாள் கஜானி. அவள் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“இதை ஏன் எடுக்கிறீர்?”

“பிறகு பிள்ளையளுக்குக் காட்ட ஒண்டு இருக்கட்டும்.”

அன்று இரவுச் சாப்பாட்டில், பிள்ளைகள் வழக்கமாகத் தொடாத போஞ்சிக்காய்க் கறி இருந்தது. ஒருவரும் சொல்லாமலே இருவரும் எல்லாவற்றையும் சாப்பிட்டார்கள். அனுஷன் தன் கோப்பையைத் தானே கழுவினான், தரையில் பாதி தண்ணீர். பிறகு தன்னுடைய பச்சை டைனோசரைக் கொண்டுவந்து தகப்பனின் மடியில் வைத்தான். அது இல்லாமல் அவன் படுப்பதில்லை.

“நீங்கள் வச்சிருங்கோ.”

“ஏன் தம்பி?”

“நீங்கள் தனிய இருக்கேக்க.”

ஆல்பனிக்குத் தனியே கார் ஓட்டிப் போவதைச் சொல்கிறான் என்று விளங்கிக்கொண்டு சஞ்சீவன் டைனோசரை இறுக்கிப் பிடித்தான். இந்தப் பிள்ளையை எத்தனை இரவுகள் நித்திரையில் மட்டும் பார்த்திருக்கிறான். வெறும் சிப்பியாலும் ஆட்டாலும் ஈடுகட்ட முடியாது, இன்னும் பெரிதாக, இன்னும் வித்தியாசமாக ஒன்று வேண்டும் என்று நினைத்தான். மறுபடியும் ராம்பிரசாத்.

“டெண்ட் போடுங்க சார். ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியா கூட வச்சுத் தூங்குங்க. அப்பதான் மனசு விட்டுப் பேசும்.”

அடுத்த நாள் பின்னேரம், முகாம் அலுவலகத்தில் ஒரு கூடாரம் இரவல் வாங்கினான். இரண்டு பேர் படுக்கக்கூடியது. கண்ணாடி இல்லாததால் முதல் தடவை அதை உட்புறம் வெளியே வரக் கட்டினான். இரண்டாம் தடவை வாசல் வேலியைப் பார்த்தது. பக்கத்துக் கபின்காரர் பியர்ப் போத்தலோடு கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் தடவை ஒருமாதிரி நிமிர்ந்து நின்றது. பிள்ளைகளை அதற்குள் கூப்பிட்டு இருத்தினான்.

“இப்ப வடிவாக் கேளுங்கோ. இண்டைக்குத் தம்பி என்னோட இஞ்ச. அக்கா அம்மாவோட அங்க. நாளைக்கு மாறுவம். தம்பி அம்மாட்டப் போவான், அக்கா என்னட்ட வருவா. ரெண்டு வீடு மாதிரி. எப்பிடி?”

அனுஷன் வாயைத் திறந்தான். அந்த மூன்று நாள் மௌனமும் ஒரேயடியாக வெளியே வந்தது. “ரெண்டு வீடு வேண்டாம்,” என்று கத்திக்கொண்டு ஒரு தடியைக் கட்டிப்பிடித்தான். பிரணவி தகப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தடி முறிய, துணி ஒருமுறை ஆடி, மூன்று பேர் தலையிலும் இறங்கியது.

வெளியே கஜானி ஓடி வந்து ஆணிகளைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. துணிக்கடியில் நீல இருட்டு. சஞ்சீவன் இரண்டு பிள்ளைகளையும் தடவிப் பிடித்தான்.

“என்னம்மா? என்ன நடந்தது? நான் என்ன பிழை செய்தனான்?”

அந்த விடுமுறையில் அவன் அவர்களிடம் கேட்ட முதல் சரியான கேள்வி அதுதான்.

“நீங்கள் போகப்போறீங்கள்,” என்றாள் பிரணவி, மூக்கை அவன் சட்டையில் துடைத்துக்கொண்டு.

“எங்க?”

“வேற வீட்டுக்கு. என்ட வகுப்பில றொய்ஸ்டன்ட அப்பாவும் இப்பிடித்தான். முதல் ஒரு இடமும் கூட்டிக்கொண்டு போகமாட்டார். பிறகு திடீரெண்டு மீன் பிடிக்க, குதிரை ஓட எல்லாம் கூட்டிக்கொண்டு போனவர். பிறகு வீட்டை விட்டுப் போயிட்டார்.”

“நாங்கள் நல்ல பிள்ளையா இருந்தனாங்கள்,” என்றான் அனுஷன். “போஞ்சியும் சாப்பிட்டனாங்கள்.”

சஞ்சீவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூன்று நாளாகத் தான் கொடுத்தது சந்தோஷம் என்று நினைத்திருந்தான். இதுகள் அதை விடைபெறுகையாக அல்லவா வாங்கியிருக்கின்றன. பிழை அவர்களுடையது இல்லை. தகப்பன் பக்கத்தில் இருப்பதே ஆபத்தின் அறிகுறி என்று பழக்கிவைத்தவன் அவன்தான்.

“நான் ஒரு இடமும் போகேல்லை. சத்தியமா. நாளைக்குக் காலமை வெள்ளனவா நாங்கள் எல்லாரும் அந்த மெத்தையில ஏறிக் குதிப்பம். நானும் குதிக்கிறன்.”

“பொய்,” என்றாள் பிரணவி. “நான் எங்கட வீட்டு ஐபாட்ல பாத்தனான். ரானுய் எண்ட இடத்தில வாடகை வீடு. ரெண்டு அறை. பள்ளிக்கூடம் கிட்ட எண்டும் இருந்தது. எவ்வளவு வீடு பாத்து வச்சிருக்கிறீங்கள்.”

“எட, அதுவா? அது ஏதும் விளம்பரமம்மா, தானா வந்திருக்கும். நான் என்னத்துக்கு ரானுயில வீடு பாக்கிறன்?”

அவன் இப்போது உண்மையாகவே சிரித்தான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நெஞ்சு லேசாகியிருந்தது. துணியின் விளிம்பைத் தேடிப் பிடித்துத் தூக்கி, தலையை வெளியே நீட்டினான். கஜானி கையில் ஆணிகளோடு புல்லில் முழந்தாளிட்டிருந்தாள். இவ்வளவு கிட்டத்தில் அவளுடைய முகம் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

“கேட்டீரோ கஜா இந்தப் பகிடியை? நான் ரானுயில வீடு பாக்கிறனாம்.”

கஜானி சிரிக்கவில்லை. கையிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் புல்லில் வைத்தாள்.

“அது எனக்கும் பிள்ளையளுக்கும் நான் பாத்த வீடு,” என்றாள்.