கோட்டுக்கு அடங்காத ரத்தம்

உலகத்துக் கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்தை எல்லாம் ஒரே கோட்டில் அடக்கிய பெருமை அந்த ஆய்வகத்தின் இயக்குநரையே சாரும். மாதம் ஏற ஏற ஒரு நொதி சுறுசுறுப்படையும், ரத்தக் குழாய்கள் தளரும், அழுத்தம் சாதுவாக அடங்கிக் கிடக்கும். இதுதான் அவருடைய 'கண்டுபிடிப்பு'. ஸ்கேல் வைத்துக் கோட்டைப் போட்டுவிட்டுத்தான் ஆராய்ச்சியையே தொடங்கினார். அப்பேர்ப்பட்ட தீர்க்கதரிசி.

கோட்டுக்கு மேலே ஏதாவது ஓர் எண் துள்ளினால் லேப் டெக்னீஷியன் அதற்குச் சிவப்பு வட்டம் போட வேண்டும். அதை அளந்த பிரஷர் கருவியில் 'பழுது' என்று சீட்டு ஒட்டி, அளக்க வந்த கர்ப்பிணியின் போன் நம்பரையும் எழுதி ஸ்டோருக்கு அனுப்ப வேண்டும். நான்கு மாதத்தில் பதினோரு கருவிகளை அவள் அப்படி அனுப்பியிருந்தாள். ஒரு தடவைகூடக் கை கூசியதில்லை.

அவளுக்கும் இப்போது எட்டாம் மாதம். அன்று காலையில் தலை விண்விண்ணென்று தெறித்தது. வீங்கிய பாதம் செருப்புக்குள் போக மறுத்தது. பிரஷர் கருவியின் பட்டையைத் தன் கையிலேயே சுற்றிப் பார்த்தாள். நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து.

இயக்குநரிடம் காட்டினாள். அவர் கருவியைத்தான் கவலையோடு பார்த்தார்.

"வாங்கி ரெண்டு வாரம்கூட ஆகலையேம்மா. அதுக்குள்ள இப்படியா?"

"சார், எனக்குக் கண்ணு மங்கலாத் தெரியுது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"போகலாம், போகலாம். நாளைக்குக் கருத்தரங்கு இருக்கு. உன் நொதி அளவு பிரமாதம்மா, நேத்துதான் பாத்தேன். அவ்வளவு நொதி இருக்கறப்ப பிரஷர் ஏற வழியே இல்ல. சீட்டு ஒட்டி ஸ்டோர்ல குடுத்துடு."

பழக்கதோஷம். ஒட்டி, எடுத்துக்கொண்டும் போனாள்.

ஸ்டோர் அலமாரியில் பதினோரு கருவிகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றை எடுத்துக் கையில் சுற்றினாள். நூற்று எழுபது. இன்னொன்றை எடுத்தாள். அதே நூற்று எழுபது. மூன்றாவதும் அதையே சொன்னது. ஒவ்வொரு சீட்டிலும் அவளுடைய கையெழுத்து, கீழே ஒரு பெண்ணின் நம்பர். பயத்தைவிட வெட்கம்தான் அவளை அதிகம் பிடுங்கித் தின்றது.

"அண்ணே, ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க," என்றாள் ஸ்டோர்காரரிடம். "அது வர்றதுக்குள்ள இந்தப் பதினோரு நம்பருக்கும் போன் போடணும்."

ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என்று தொடங்கிய டாக்டர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் கருத்தரங்கில் கோடு கம்பீரமாகத் திரையில் ஏறியது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. உண்மை சொன்னவை அத்தனையும் சீட்டோடு அலமாரியில் கிடந்தன. பழுதானது ஒன்றே ஒன்றுதான். அது சீட்டு இல்லாமல் மேடையில் பேசிக்கொண்டிருந்தது.