கோழிக்கால் படமும் ஒரு பச்சைப் புள்ளியும்

உணவுப் பாக்கெட்டுகளில் அச்சடித்திருப்பதை எல்லாம் அப்படியே நம்புகிறவன் நான். எண்ணெய்ப் பாக்கெட்டில் சிவப்பாக ஒரு இதயம் போட்டிருந்தால் என் நெஞ்சு லேசாகிவிடும். பிஸ்கட் உறையில் ஒரு கோதுமைக் கதிர் சாய்ந்திருந்தால் வயலையே வாங்கிவந்த நிறைவு. (பின்பக்கம் முதல் பெயராக மைதா இருக்கும். பின்பக்கத்தை யார் படிக்கிறார்கள்?) அதிலும் சைவம் என்று சொல்லும் பச்சைப் புள்ளி இருக்கிறதே, மிளகளவு இருந்துகொண்டு எத்தனை பேரை நிம்மதியாகச் சாப்பிட வைக்கிறது. இன்றைக்கும் அதைப் பார்த்தால் எனக்குப் பிரமிப்புத்தான்.

அந்தப் பிரமிப்புதான் என்னை மாமியாரிடம் மாட்டிவிட்டது.

எங்களுடையது காதல் கல்யாணம். நான் வேடசந்தூர் பக்கம், இந்து விவசாயக் குடும்பம். மனைவி ஸ்டெல்லா திண்டுக்கல் கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணமாகி ஒரு வருடமாகியும் அவள் அம்மா எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அப்படிப்பட்டவர், தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்ததும் சாப்பிட வருவதாகச் சொல்லிவிட்டார். அன்று சுத்தபோசனம், கறி ஆகாது. பகலெல்லாம் ஒருசந்தி இருந்துவிட்டு, அந்த நாளின் ஒரே சாப்பாட்டை என் வீட்டில் சாப்பிடப் போகிறார். எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. ஸ்டெல்லாவையும் கோயிலுக்கு அனுப்பிவிட்டு நானே சமையலில் இறங்கினேன்.

மீல்மேக்கர் குழம்பு. வெறும் மிளகாய்த்தூளில் அது ரப்பர் மாதிரி இருக்கும் என்பதால் கடையில் தேடி ஒரு மசாலா வாங்கினேன். சிக்கன் மசாலா. உறையில் பளபளவென்று ஒரு கோழிக்கால், அதன் அடியிலேயே பச்சைப் புள்ளி. கோழியையே சைவமாக்கிவிட்ட அந்தப் புள்ளியைப் பார்த்தபடி கடையில் மெய்மறந்து நின்றேன்.

சிலுவைப்பாதை முடிந்து தெருவே திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில் என் குழம்பு கொதித்தது. வாசம் தெருமுனை வரை வந்ததாகப் பிற்பாடு பலபேர் சாட்சி சொன்னார்கள். அத்தை வாசலில் கொஞ்சம் தயங்கினார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, சிலுவை போட்டு, ஒரு துண்டை வாயில் வைத்தார். மென்றார். முகம் மாறியது.

"மாப்ளே, இது என்ன வெஞ்சனம்?"

"சைவந்தான் அத்தை. பச்சைப் புள்ளி போட்டிருக்கு, பாருங்க."

பாக்கெட்டை நீட்டினேன். அவர் கண்ணில் பட்டது புள்ளி அல்ல, கோழிக்கால்.

"சிலுவைப்பாத முடிச்ச வாயில கறிய வச்சுட்டீகளே."

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நேராகக் கோயிலுக்கு நடந்தார், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய. பின்னால் ஸ்டெல்லா. அவளுக்கும் பின்னால், தூக்கிக் கட்டிய கைலியும் கையில் மசாலா பாக்கெட்டுமாக நான். இனி இந்த ஜென்மத்தில் அத்தை என் வீட்டுப் படியேற மாட்டார் என்று அழுகையே வந்துவிட்டது.

சாமியார் கோயில் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். அத்தை படபடவென்று சொன்னதைக் கேட்டுவிட்டு, கண்ணாடியைப் போட்டுப் பாக்கெட்டின் பின்பக்கத்தை வாசித்தார். மல்லி, மிளகாய், மஞ்சள், உப்பு.

"இதுல கோழி இல்லம்மா. கோழிக் குழம்புக்குப் போடுற மசாலா, அம்புட்டுத்தான். நீங்க ஒரு தப்பும் பண்ணல."

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அத்தை விடவில்லை.

"அப்பக் கோழிக்காலு, சாமி?"

"அது சும்மா படம்மா."

"இல்லாத கோழியப் படம் போட்டு விக்கிறான். அந்தப் பாவத்த உங்ககிட்ட யாரு சாமி வந்து சொல்லுவா?"

சாமியார் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதில் எந்தப் பக்கத்திலும் அச்சாகியிருக்கவில்லை. அதுவரை பாக்கெட்டுகளைப் பார்த்தே வாய்பிளந்து பழகியவன், அன்றுதான் என் மாமியாரைப் பார்த்து வாய்பிளந்தேன்.

"வாங்க மாப்ளே, பசிக்குது" என்று அவரே முன்னால் நடந்தார். ஆறிப்போன குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. (காரம் என்று சமாளித்தேன்.)

இப்போதெல்லாம் அடிக்கடி வருகிறார். ஈஸ்டர் அன்று எங்கள் வீட்டில் பிரியாணிச் சட்டியைத் திறந்ததும் முதலில் என் பக்கம்தான் திரும்புவார்.

"மாப்ளே, புள்ளி பாத்துட்டீகளா?"

மொத்தக் குடும்பமும் சிரித்து முடிக்கும்வரை பிரியாணி காத்திருக்கும். பிறகு சட்டியிலேயே பெரிய கோழிக்காலாகத் தேடியெடுத்து என் தட்டில் வைப்பார்.

"இது படமில்ல. சாப்பிடுங்க."