ரிட்டன் அண்ணாச்சி எடுத்த டிக்கெட்

நாட்டில் ஓடுகிற ரயில்கள் எல்லாமே ஆட்களை ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போய், திரும்பி வரவிடாமல் எங்கேயோ இறக்கிவிடத்தான் ஓடுகின்றன என்று நம்பியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ராஜபாளையத்தில் எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்தார்.

மில்லில் வேலை. பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். தெருவுக்கு அவர் ரிட்டன் அண்ணாச்சி.

எங்கள் பக்கம் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் 'போறேன்' என்று சொல்லக் கூடாது. சொன்னால் விளக்குமாறு பறக்கும். 'போயிட்டு வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லாரும் அதை வாயோடு விட்டுவிட்டோம். அண்ணாச்சி அதை ரயில்வேயிடமும் எதிர்பார்த்தார். போக மட்டும் டிக்கெட் எடுத்தால் 'போறேன்' என்று சொன்ன மாதிரி. போக வர ரிட்டன் டிக்கெட் எடுத்தால், 'போயிட்டு வாரேன்' என்று அட்டையிலேயே அச்சடித்துக் கொடுத்த மாதிரி.

தென்காசியில் இருக்கும் என் தம்பி ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டு ஊருக்குத் திரும்பினான். அண்ணாச்சி ஸ்டேஷனிலேயே அவனை மடக்கிவிட்டார்.

"ரிட்டன் எடும், மாப்ள."

"எனக்கு ஊரே தென்காசிதான் அண்ணாச்சி. அங்கன போயி இருக்கப் போறேன். ரிட்டன் எதுக்கு?"

"அப்ப அக்கா வீட்டுக்கு இனிமே வரவே மாட்டீரோ?"

பாவம், பயந்துபோய் ரிட்டன் எடுத்தான். டிக்கெட் வீணாகிறதே என்று மறுநாளே பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றான். அவனைத் திருப்பி அனுப்ப நான் இன்னொரு டிக்கெட்டுக்கு அழுதேன். அதையாவது அண்ணாச்சி கண்ணில் படாமல் எடுத்தோம்.

தாயில்லாத ஒரே மகள் அவருக்கு, வசந்தா. ஸ்ரீவில்லிபுத்தூரில் டீச்சர் ட்ரெயினிங் சேர்ந்தாள். தினமும் போய்வர வேண்டும். பஸ் நிமிஷத்துக்கு ஒன்று இருக்கிறது. ஆனால் பஸ்ஸில் ரிட்டன் கொடுக்க மாட்டார்கள். அதனால் ரயில்.

"அப்பா, படிக்கிற பிள்ளையளுக்குச் சீசன் டிக்கெட் இருக்கு. ஒருவாட்டி எடுத்தா மாசம் பூராப் போய்ட்டு வரலாம். செலவும் கம்மி" என்றாள் வசந்தா.

"அதுல முடியிற தேதி போட்டிருக்கான்லா? பெத்த பிள்ளை கையில முடியிற தேதியைக் குடுத்து அனுப்பவா? போடி!"

"நீரு வாங்குற பாலுகூட நேரம் முடிஞ்சா திரிஞ்சு போவுது அண்ணாச்சி. அதுக்காவ பால் வாங்காமலா இருக்கீரு?" என்று நான் வாசலில் இருந்தே குரல் கொடுத்தேன்.

"பால் திரும்பி வர வேண்டாம் தாயி. பிள்ளை வரணும்" என்றார்.

ஆகவே தினமும் காலையில் அவரே வரிசையில் நின்று ரிட்டன் எடுப்பார். போக ஒரு பாதி, வர ஒரு பாதி என்று நடுவில் கோடு போட்ட அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மகள் கையில் கொடுப்பார். அவளுடைய தோழிகள் சீசனை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு ஜன்னலோரம் இடம் பிடித்திருப்பார்கள். இவள் கடைசியாக ஓடிப்போய் ஏறுவாள்.

கடைசிப் பரீட்சை நாள் வந்தது. அதை எழுதிவிட்டால் வசந்தா டீச்சர். அன்று முகூர்த்த நாளும்கூட. ஸ்டேஷன் முழுக்கப் பட்டுச்சேலைக் கூட்டம். ஒரு கல்யாணத்துக்காக நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் டிக்கெட்டோடு நின்றேன். அண்ணாச்சி நெரிசலில் இடிபட்டு ரிட்டன் வாங்கி வந்தார். கையைப் பிரித்துப் பார்த்தால், அட்டை நடுவில் ஒடிந்து ரெண்டாகிவிட்டது. போகிற பாதி ஒரு கையில், வருகிற பாதி ஒரு கையில்.

அவர் முகம் செத்துவிட்டது.

"ரெண்டு பாதியும் இருக்குலாப்பா. குடுங்க, போறேன்!" என்று பதற்றத்தில் வசந்தா கத்தினாள். வரக்கூடாத அந்தச் சொல் அன்றைக்குப் பார்த்து வந்துவிட்டது.

"அங்கன எறங்குனா எப்படியும் கிழிச்சுத்தான வாங்குவாவ?" என்றேன் நான்.

"அது போன பொறவு தாயி. இது கிளம்பும் முன்னயே பிரிஞ்சிருச்சே! செத்த நேரம் பொறுட்டி, வேற வாங்கியாரேன்."

மகள் கையைப் பிடித்துக்கொண்டே மறுபடியும் வரிசையில் போய் நின்றார். வண்டி வந்தது. ஊதியது. போயேவிட்டது.

"அண்ணாச்சி, பஸ்ல நான் கூட்டிட்டுப் போறேன். நானே திருப்பிக் கூட்டியாரேன். நாந்தான் உமக்கு ரிட்டன் டிக்கெட்டு, போதுமா?" என்று அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். முகூர்த்தக் கூட்டத்தில் பஸ் ஒன்றும் நிற்காமல் போய், கடைசியில் ஒன்றில் தொற்றிப் போய்ச் சேர்ந்தபோது பரீட்சை தொடங்கி வெகுநேரமாகி, கதவைச் சாத்தியிருந்தார்கள். வாட்ச்மேனிடம் கெஞ்சினேன், ஏசினேன். வசந்தா செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சொன்னபடி திருப்பிக் கூட்டிவந்தேன். அண்ணாச்சி தெருமுனையிலேயே நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் சின்னப் பிள்ளை மாதிரி ஓடிவந்தார்.

"வந்துட்டியாட்டி! வந்துட்டியா!"

அப்படி ஒரு சிரிப்பு. பிறகுதான் மகள் முகத்தைப் பார்த்தார்.

"பரீட்சை?"

"எழுதலப்பா."

மறுபடி எழுத அடுத்த வருஷம் வர வேண்டும். அதற்குள் கோயம்புத்தூரில் இருந்து மாப்பிள்ளை வந்துவிட்டார். "ஒரே ஒரு பரீட்சை பாக்கி, எழுத மட்டும் விட்டுருங்க" என்று சம்பந்தியிடம் அண்ணாச்சி நாலு தடவை சொன்னார். அவர்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பார்த்துக்கொள்ளவே இல்லை. வசந்தா பள்ளிக்கூடத்துக்குள் போனது, தன் பிள்ளைகளைச் சேர்க்கத்தான்.

பல வருஷம் கழித்து, தொண்ணூறுகளில் ஒரு நாள் காலை, ஸ்டேஷனில் அண்ணாச்சியைப் பார்த்தேன். மில்லில் ரிட்டயர் ஆகி, மெலிந்து, டிக்கெட் ஜன்னல் பக்கத்தில் நின்றிருந்தார். கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்ணை மறித்து, கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சீசன் எடும்மா. தினமும் வரிசையில நிக்காத. காலேஜ்ல கையெழுத்து வாங்கியா, நான் எப்படின்னு சொல்லுதேன். வண்டியை விட்டுராத தாயி."

அந்தப் பெண் தோழியிடம், "இந்தத் தாத்தா தினமும் இப்படித்தாண்டி, லூசு" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அவளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை ஏசலாம் போல இருந்தது. ஏசவில்லை. அண்ணாச்சிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அவர் ஊதி ஊதிக் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். என் வண்டி வந்தது. அது போகட்டும் என்று விட்டுவிட்டேன்.