மன்னார்புரம் சிக்னலும் என் வாயும்

சேசு மரி சூசை துணை

மன்னார்புரம்,
திருச்சி.

அன்புத் தங்கை லிசிக்கு,

அண்ணன் அருள்நாதன் ஆசீருடன் எழுதுவது. சர்வேசுரன் புண்ணியத்தில் நானும் உன் அண்ணியும் மகள் பெலிண்டாவும் நலம். மணப்பாறையில் நீயும் பிராங்க்ளின் மச்சானும் அவ்விதமே இருக்க மாதாவை மன்றாடுகிறோம். நீ கொடுத்தனுப்பிய முறுக்கு வந்து சேர்ந்தது. பல்லுக்குப் பயந்து மோரில் ஊறவைத்துத் தின்கிறேன்.

நிற்க. போன வாரம் போனில் நான் அழுததை மறந்துவிடு. பெலிண்டாவை வேலையை விடச் சொல்லப் போகிறேன் என்றேனே, அதையும் மறந்துவிடு. கண் தெரியாத பிள்ளை தனியாக அந்த ரோட்டைக் கடந்து பேங்குக்குப் போவதா என்று நீயும் கூடச் சேர்ந்து அழுதாய். இருவர் கண்ணீரும் வீண்.

நடந்தது இதுதான். இங்கே புதிதாக ஒரு சிக்னல் வைத்திருக்கிறார்கள். நடப்பவர்கள் போகலாம் என்றால் கம்பம் பீப் பீப் என்று கத்தும். காது கேளாதவர்கள் பொத்தானில் கை வைத்தால் அது அதிரும். தரையில் காலுக்குத் தட்டுப்படும்படி மஞ்சள் கல் பதித்திருக்கிறார்கள். பெலிண்டா கோலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே யாரும் என்னைக் கொண்டுவந்து விட வேண்டாம்" என்று அறிவித்துவிட்டாள். நானோ ரயில்வேயில் சிக்னலைக் கட்டிக்கொண்டு மாரடித்தவன். ரயிலுக்குச் சிவப்பு என்றால் சிவப்பு. நம் ஊர் ரோட்டில் அது ஓர் அபிப்பிராயம், அவ்வளவுதான். ஆகவே அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். போனவன் சும்மா போயிருக்கலாம். கம்பம் கத்தியதும் கூட்டம் மொத்தமும் முன்னால் போகாமல் பின்னால் தாவியது, ஏனென்றால் பீப் பீப் என்றால் நம் ஜனங்களுக்கு ஏதோ வண்டி ரிவர்ஸ் வருகிறது என்றுதான் அர்த்தம், பக்கத்தில் பூ விற்கும் இருசம்மாள் "லாரி பின்னால வருது, ஒதுங்குங்க!" என்று என் சட்டையைப் பிடித்து இழுக்க, நானும் லாரியைத் தேடிச் சுற்றிச் சுற்றிப் பார்க்க, லாரியைக் காணோம், பிள்ளையோ நிமிர்ந்து நடுரோட்டுக்குப் போய்விட்டாள், "பெலிண்டா, நில்லு!" என்று கத்திவிட்டேன். அப்பன் பேச்சைத் தட்டாத பிள்ளை, நின்றுவிட்டாள். கம்பமும் கத்துவதை நிறுத்திவிட்டது. சிக்னலுக்கு நின்றிருந்த பஸ் கிளம்பிவிட்டது. டிரைவர் போட்ட பிரேக்கில் என் பாதி உயிர் போயிற்று. அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்தேன்.

சாயங்காலம், வேலையே வேண்டாம்மா என்றேன். அவள் கோபப்படவில்லை. "அப்பா, கம்பம் போன்னு சொல்லுது, நீங்க நில்லுன்னு சொல்றீங்க. நான் யார் பேச்சைக் கேக்கறது? ஒரு ஆளைச் சொல்லுங்க" என்றாள். உன் அண்ணி லூர்துராணி அடுப்படியிலிருந்து, "கம்பம் சொல்றதையே கேளும்மா, அதுக்கு ரத்தக்கொதிப்பு இல்ல" என்றாள்.

நேற்று வாயில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு தள்ளி நின்றேன். கம்பம் கத்தியது. பெலிண்டா கோலை நீட்டி இறங்கினாள். லாரி பயம் தெளிந்த இருசம்மாள், "ஏம்ப்பா ஆட்டோ, கோட்டுக்குப் பின்னால நில்லு, பாப்பா போகுதுல்ல!" என்று அதட்டினார். ஆட்டோக்காரரும் பின்வாங்கினார். சத்தம் ஓய்வதற்குள் அவள் எதிர்ப்பக்கம் ஏறிவிட்டாள். ஏறியவள் திரும்பிக் கையை ஆட்டினாள். யாருக்கு ஆட்டினாய் என்று நான் கேட்கவில்லை. எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று சொல்வேன், லிசி! ரோட்டோரம் நின்று மறுபடியும் அழுதேன். ஆனால் இது வேறு அழுகை.

ஆகவே வேலையை விடும் பேச்சே கிடையாது. இனி அவள் தனியாகத்தான் போவாள். நான் பின்னால் போக மாட்டேன் என்று சூசையப்பர் படத்துக்கு முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டேன். பெற்றவர்கள் பிள்ளையை நம்பப் பழக வேண்டும். நீயும் கவலையை விடு.

மச்சானுக்கு என் வணக்கம். மாதாவின் ஆசீர் உங்கள் வீட்டில் குறையாமல் இருக்கட்டும்.

அன்பு அண்ணன்,
அருள்நாதன்

பி.கு.: வாக்குக் கொடுத்தது நான் மட்டும்தான். திங்கட்கிழமைக்குள் மச்சானை இங்கே அனுப்பி வை, ஒரு மாதம் தங்கட்டும். அவர் காலடிச் சத்தம் பெலிண்டாவுக்குப் பழக்கமில்லை. பேங்க் வரை பின்னாலேயே நடந்தால் போதும். இத்தனை வருஷம் உன்னோடு குடும்பம் நடத்திய மனுஷன், என்ன நடந்தாலும் வாயைத் திறக்க மாட்டார்.