சம்பந்தி மறுபடியும் சொன்ன வாக்கு

பாகூர்,
மாசி மாதம், 1976

அன்பிற்குரிய அண்ணன் அரங்கநாதனுக்கு, தங்கை உமையாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். அண்ணியும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருக்கவேண்டும்.

இன்று காலை எழுந்ததும் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் என் கல்லூரிநாள் அகராதியைத்தான் எடுத்தேன். என் மகள் வசந்தாவைத் தன் மகனுக்கு நிச்சயம் செய்திருக்கிற திருக்கனூர் நெல்மண்டிக்காரர் தெய்வநாயகம், நிச்சயத்தன்று ஒப்புக்கொண்ட அனைத்தையும் 'ரீஅஃபர்ம்' செய்வதாக இங்கிலீஷில் கடிதம் போட்டிருந்தார். கல்யாணமானாலும் அவள் பி.எஸ்சி.யை முடிக்கலாம் என்பதும் அன்று ஒப்புக்கொண்டதுதான். அந்தச் சொல்லின் பொருள் எனக்குத் தெரியும். இருந்தாலும் வீடே என் வாயைப் பார்த்து நிற்கும்போது அகராதியைப் பிரித்துச் சொல்வதில் ஒரு பெருமை இருக்கிறது அண்ணா, அதை ஏன் மறைக்கவேண்டும். "கொடுத்த வாக்கை மீண்டும் உறுதிப்படுத்துவது" என்றேன். நாத்தனார் விருத்தாம்பாள், "குடுத்த வாக்கு குடுத்தபடி இருந்தா இன்னாத்துக்கு மறுபடி சொல்றாங்க? நடுவுல இன்னாவோ ஆட்டம் கண்டிருக்கு" என்றாள். அவ்வளவுதான், உங்கள் மாப்பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப நாமளும் திருப்பி உறுதி சொல்லிடணும், தட்டை எடு" என்று பழம், தேங்காய், வெற்றிலையோடு என்னைப் பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் வாசலில் நின்றால், சம்பந்தியம்மாள் தட்டைப் பார்த்ததும் அழத் தொடங்கிவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல் தட்டோடு வந்தால் நிச்சயத்தை முறித்துத் திருப்பித்தர வந்ததாகத்தானே நினைப்பார்கள், அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. "எம்புள்ளையப் பத்தி எவன் இன்னா சொன்னான்?" என்று மண்டியிலிருந்து தலையெல்லாம் உமியோடு தெய்வநாயகம் ஓடிவந்தார். நான்தான் நடுவில் நின்று எல்லாவற்றையும் விளக்கினேன். "அட, அப்படி எழுதினா மரியாதையா இருக்கும்னு எழுதினேம்மா" என்றார். அந்தச் சந்தோஷத்தில் சேலை, மண்டபம், மேளம் என ஒவ்வொன்றாக மறுபடியும் உறுதி சொன்னார். "வசந்தா படிப்பும் உறுதிதானேங்க?" என்றேன். "அது இன்னாம்மா பெரிய விஷயம், அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல சாப்புடுங்க" என்றார். உங்கள் மாப்பிள்ளை பாயசத்தை இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்.

ஆக, உங்கள் தங்கையின் படிப்பால் இன்று ஒரு சம்பந்தம் பிழைத்தது. வைகாசியில் கல்யாணம், குடும்பத்தோடு முன்னதாகவே வந்துவிடுங்கள். அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

அன்புத் தங்கை,
உமையாள்

பி.கு.: வைகாசியை நம்பி லீவு போட்டுவிடாதீர்கள். சேலைக்கும் மேளத்துக்கும் மறுவாக்கு கொடுத்தவர் படிப்புக்கு மட்டும் கொடுக்கவில்லை. ரசாயனத்தில் வகுப்புக்கே முதலாக வருகிறவள் என் மகள். அவள் கடைசிப் பரீட்சையை எழுதி முடிக்கும்வரை பத்திரிகை அடிக்க விடமாட்டேன். இந்த வீட்டில் இன்னும் யாருக்கும் இது தெரியாது.