ஒரு கணினியைக் கௌரவித்த வரலாறு

வேகத்தைக் கண்டு அஞ்சாத அமைப்பு இந்தக் குடாநாட்டில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது கோப்பாயில் இருக்கும் ஒரு சனசமூக நிலையம். பெயரைச் சொல்லாமல் விடுவது தன்னடக்கம் கருதி. தவிர, நிர்வாகசபையில் இரண்டு சட்டத்தரணிகள் இருக்கிறார்கள்.

ரொறன்ரோவிலிருந்து அன்பர் ஒருவர் அந்த நிலையத்துக்கு ஒரு கணினி அனுப்பியிருந்தார். உள்ளே இருந்த புரொசெசர் மகா கெட்டிக்காரன். இரண்டு வருடங்களாக அது சமூகத்துக்கு அரும்பணி ஆற்றி வந்தது. அதாவது, கண்ணீர் அஞ்சலிப் பிரசுரங்களை அதில்தான் தட்டச்சு செய்தார்கள். பந்தயக் குதிரையில் புண்ணாக்கு மூட்டை ஏற்றிய கதை என்று சில விஷமிகள் சொன்னார்கள். விஷமிகள் எந்த ஊரிலும் உண்டு.

இந்தப் பொற்காலத்தில்தான் ஆரணி உள்ளே வந்தாள். கட்டப்போகும் கட்டடத்தைக் கட்டி முடித்ததுபோலப் படமாக்கிக் காட்டுகிற தொழில் படித்தவள். பத்தொன்பது விண்ணப்பங்கள் போட்ட பிறகு, கொழும்புக் கம்பனி ஒன்று முதன்முதலாகப் பதில் எழுதியிருந்தது. இரண்டு கிழமை கழித்து வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மூன்று நிமிடப் படம் ஒன்று வந்து சேர வேண்டும், பிடித்தால் வேலை. வியாழன் இரவுக்கு முன் அவளுடைய வரைவு முடியாது. அதைப் படம் படமாகக் கோத்து எடுக்க நிலையத்துக் கணினிக்கே பத்து மணித்தியாலம் வேண்டும். நிலையமோ எட்டு மணிக்குத் திறந்து ஐந்து மணிக்குப் பூட்டப்படும். கணக்கு ஒரு மணித்தியாலம் உதைத்தது.

வழி ஒன்று இருந்தது. தொழிற்சாலை குறித்த வேகத்துக்கு மேலே புரொசெசரை ஓடவைப்பதற்கு 'ஓவர்குளொக்கிங்' என்று பெயர். ஆரணி அதைச் செய்ததில்லை. ஒரு கிழமை உட்கார்ந்து படித்தாள். பிறகு, 'கனம் தலைவர் அவர்களுக்கு' என்று தொடங்கி ஒரு கடிதம் கொடுத்தாள்.

தலைவர் அருளம்பலம் இளைப்பாறிய தபாலதிபர். வேகம் பற்றி அவருக்கு நாற்பது வருட அனுபவம் உண்டு.

"வேகத்தைக் கூட்டினால் வெடிக்காதோ பிள்ளை?"

"வெடிக்காது ஐயா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டுவன். ஒவ்வொருக்காலும் சூட்டைப் பாப்பன். எண்பத்தைஞ்சு பாகைக்கு மேலை விடமாட்டன். காத்து நல்லாப் போய்வந்தால் ஒரு பிழையும் வராது."

"முந்தி ஆரும் உப்பிடிச் செய்தவையோ?"

"இந்தப் பக்கம் ஒருத்தரும் செய்து நான் கேள்விப்படேல்லை."

அருளம்பலம் கதிரையில் நிமிர்ந்தார். செயலாளர் கேதீஸ்வரனைப் பார்த்தார். "கேதீஸ், எழுதும். வரலாற்றிலே முதல் தடவையாக."

"எழுதியாச்சு ஐயா."

"ஆனால் பிள்ளை, உதைச் சும்மா கூட்டேலாது. விழா எடுத்துத்தான் கூட்டவேணும். வெள்ளிக்கிழமை பதினொரு மணி பன்னிரண்டு நிமிசத்துக்கு நல்ல நேரம் கிடக்கு."

"ஐயா, வெள்ளி காலமை எட்டு மணிக்கே என்ரை படம் ஓடத் தொடங்கவேணும்."

"ஓடட்டும். ஓடுற கொம்பியூட்டரைத் தொடக்கி வைக்கிறதிலை எங்களுக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லை."

இத்தகைய பெருந்தன்மை எல்லாத் தலைவர்களுக்கும் வாய்ப்பதில்லை.

புதன்கிழமை ஆரணி கணினியைத் திறந்தாள். இரண்டு வருடத் தூசியைத் துடைத்தாள். புரொசெசருக்கும் அதன் மேலிருந்த விசிறிக்கும் நடுவில் காய்ந்து போயிருந்த, சூடு கடத்தும் பசையை வழித்துவிட்டுப் புதிதாகப் பூசினாள். நான்கு கிகாஹேர்ட்ஸில் இருந்த வேகத்தை நான்கு தசம் ஒன்றாக்கி, பத்து நிமிடம் கடுமையாக வேலை வாங்கி, சூட்டைக் கொப்பியில் எழுதினாள். பிறகு நான்கு தசம் இரண்டு. நான்கு தசம் ஏழில் திரை உறைந்து போனது. அவள் பேராசைப்படாமல் ஒரு படி இறங்கி, ஆறில் நிறுத்தி, ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்தாள். எழுபத்தொன்பது பாகை. அசையவில்லை.

பத்து மணித்தியால வேலை இனி எட்டு மணித்தியாலம் நாற்பத்திரண்டு நிமிடம். படத்தை அனுப்பப் பதினெட்டு நிமிடம் மிச்சம். சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது அவளுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை. யாரையும் கூப்பிடாமல், ஒருவரும் பேசாமல் ஒரு காரியம் நடந்து முடிந்திருந்தது. நிலையத்தின் யாப்பு விதிகளுக்கு அது முற்றிலும் முரணானது.

வெள்ளி எட்டு மணிக்குப் படத்தைக் கோக்கும் வேலை ஓடத் தொடங்கியது. பதினொன்று பன்னிரண்டுக்கு விளக்கேற்றினார்கள். கணினித் திரைக்குச் செவ்வரத்தம் மாலை, பெட்டிக்குச் சந்தனப் பொட்டு. எல்லாவற்றையும் ஆரணி பொறுத்துக்கொண்டாள். பதினொன்றரைக்கு, "அடுத்து, கௌரவிப்பு" என்று கேதீஸ்வரன் அறிவித்தார். அருளம்பலம் சரிகைக் கரை போட்ட தடித்த பொன்னாடை ஒன்றை விரித்து, கணினிப் பெட்டியின் தலை தொடக்கம் கால் வரை போர்த்தினார். காற்று புகும் வாய், போகும் வாய் இரண்டும் கௌரவிக்கப்பட்டன. சபை கைதட்டியது.

தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். தலைப்பு: 'வேகத்தின் மகிமை'.

திரையின் மூலையில் ஆரணி கண் வைத்திருந்தாள். எண்பத்தாறு. தொண்ணூற்றிரண்டு. கேதீஸ்வரனிடம் ஓடினாள்.

"அண்ணை, பொன்னாடையை எடுக்கவேணும். அதுக்கு மூச்சு முட்டுது."

"தலைவர் போத்தினதைத் தலைவர் கதைக்கேக்கை எடுக்கிறதோ? நல்ல கதை."

"நிண்டுபோடும் அண்ணை."

"நிக்கட்டும் பிள்ளை. நாங்களும் நிண்டுகொண்டுதானே இருக்கிறம்."

அவள் தானே எடுக்கப் போனாள். முன்வரிசையில் இருந்த இரண்டு சட்டத்தரணிகளும் எழும்பிக் குறுக்கே நின்றார்கள். தொண்ணூற்றெட்டில் புரொசெசர் தன் வேகத்தைத் தானே குறைத்துப் பார்த்தது. அதற்கும் பலன் இல்லை என்றதும், உயிருக்கு ஆபத்து வராமல் அமைதியாக அணைந்துகொண்டது. அந்த நிலையத்தில் ஒருவர் தாமாகவே பதவி விலகியது அதுதான் முதல் தடவை.

கணினி அணைந்து கிடக்க, வேகத்தின் மகிமை மேலும் முப்பத்தைந்து நிமிடம் விளக்கப்பட்டது.

நன்றியுரை தொடங்கியதும் ஆரணி ஒருவரையும் கேட்கவில்லை. பொன்னாடையை இழுத்து எறிந்தாள். அது வரை கோத்த படங்கள் பத்திரமாக இருந்தன. விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். மீண்டும் எழுபத்தொன்பது பாகை, அசைவில்லை. மாலை ஐந்து மணிக்குக் கேதீஸ்வரன் கதவைப் பூட்டத் திறப்புக் கோர்வையைக் குலுக்கிக்கொண்டு வந்தார். இன்னும் பதினேழு நிமிடம் இருந்தது.

"அண்ணை, கம்பனிக்காரர் கொஞ்சம் பிந்தினாலும் எடுப்பினம். பதினேழு நிமிசம்."

"யாப்பிலை ஐஞ்சு மணி எண்டு கிடக்கு. உமக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமோ?"

அவர் சுவரில் இருந்த மின்சார ஆளியைத் தட்டி அணைத்தார். அடுத்த நாள் அனுப்பிய படத்தைக் கம்பனி திறந்தும் பார்க்கவில்லை. வேலை வேறு யாருக்கோ போயிற்று.

ஆனால் நிலையம் சும்மா இருக்கவில்லை. மூவர் கொண்ட விசாரணைக் குழு அமைத்தது. கணினி நின்றதற்குக் காரணம் 'அளவுக்கு மிஞ்சிய வேகம்' என்று குழு கண்டுபிடித்தது. பொன்னாடை பற்றிய குறிப்பு அறிக்கையில் ஓரிடத்தில்தான் வருகிறது; அது காணாமல் போகாமல் மீட்கப்பட்டது என்ற நற்செய்தியாக. ஆரணிக்குக் கண்டனக் கடிதம் ஒன்று தயாரானது. அதைத் தட்டச்சு செய்யக் கணினி தேவைப்பட்டதால், வேகத்தைப் பழைய அளவுக்கு இறக்கும் பொறுப்பை முதலில் அவளிடமே ஒப்படைத்தார்கள்.

இப்போது கணினி கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிறது. மேலே அதே பொன்னாடை, பக்கத்தில் விழாப் புகைப்படம். இனி ஒருவரும் தொடக்கூடாது என்பது ஏகமனதான தீர்மானம். படிக்க வரும் பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகலாம். கிழமைக்கு ஒருமுறை கேதீஸ்வரன் அலுமாரியைத் திறந்து, பெட்டியில் கை வைத்துப் பார்த்து, 'சூடு இல்லை' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வைக்கிறார்.

அவர் எழுதுவது முற்றிலும் உண்மை. பிரேதத்திலும் சூடு இருக்காது.